எயார் ஃபில்டர் அடைச்சால் பெற்றோல் குடிக்குமா? ஓர் அறிவுரையின் வரலாறு

2022 ஜூன் மாதக் கடைசி. பெற்றோல் லீற்றர் 470 ரூபாய். அந்த விலைக்கும் வாங்கப் பெற்றோல் இல்லை. வடமராட்சியில் ஒரு பெற்றோல் செட் வாசலில் தொடங்கிய வரிசை, ஒழுங்கைகளை எல்லாம் தாண்டி அடுத்த ஊர் எல்லை வரைக்கும் போய்க் கிடந்தது. நாங்கள் வல்வெட்டித்துறையிலிருந்து மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய் அந்த வரிசையின் வாலில் நின்றோம். பவுசர் வெளிக்கிட்டிட்டுதாம், இல்லை நாளைக்குத்தானாம் எண்டு மணிக்கொரு கதை. இரவு முழுக்க நுளம்பும் தேத்தண்ணியும்தான்.

எங்களுக்கு முன்னால் நின்றவர் கராச் வேலை செய்து ஓய்ந்த ஓர் ஐயா. எங்கட வண்டியை மேலும் கீழும் பார்த்தார்.

“தம்பியவை, எயார் ஃபில்டரைக் கடைசியாய் எப்ப கழட்டிப் பாத்தனீங்கள்?”

ஒருத்தருக்கும் ஞாபகமில்லை.

“அதுதானே பாத்தன். அது அடைச்சுக்கொண்டு நிண்டால் வண்டி சும்மா பெற்றோலைக் குடிக்கும். உங்களுக்கு உது புதுசு. நாங்கள் தொண்ணூறில ஒரு போத்தல் மண்ணெண்ணெயோட ஊர் சுத்தினாக்கள்.”

விடியும்வரை வேறு வேலை இல்லாததால் கைத்தொலைபேசியில் தேடினோம். அடைத்த ஃபில்டரை மாற்றினால் எரிபொருள் பத்து நூற்றுவீதம் மிச்சம் என்று ஓரிடத்தில் இருந்தது. ஒரு சதமும் மிச்சமில்லை, அது பழைய காலத்துக் கதை என்று இன்னோரிடத்தில் இருந்தது. ஐயா சொன்னது சரியா பிழையா? அன்று தொடங்கிய கேள்விதான் இந்தக் கட்டுரை. தேடத் தேட விளங்கியது இதுதான்: இரண்டு பேரும் சொல்வது உண்மை. ஆனால் இரண்டும் வேறு வேறு எஞ்சின்களைப் பற்றிய உண்மை. எங்கட குடாநாட்டின் வரலாறு, அதில் பழைய எஞ்சினின் உண்மையை மற்ற இடங்களை விட நீண்ட காலம் உயிரோடு வைத்திருந்திருக்கிறது.

ஐயாவின் தொண்ணூறு

1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கியது. யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. தெற்கிலிருந்து வரும் பாதை மூடப்பட்டது. பொருளாதாரத் தடை வந்தபோது பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, உரம் என்று நீண்ட ஒரு பட்டியல் குடாநாட்டுக்குள் வராமல் போனது. மண்ணெண்ணெய் மட்டும் அளவோடு வந்தது. விளக்கு, அடுப்பு, நீரிறைக்கும் இயந்திரம், வாகனம் எல்லாமே அந்த ஓர் எண்ணெயில்தான் சீவித்தன.

அந்தக் காலத்துக் கதைகளை நாங்கள் சின்னனிலிருந்து கேட்டு வளர்ந்திருக்கிறோம். ஜாம் போத்தலுக்குள் துளி எண்ணெய் விட்டு, மெல்லிய திரி போட்டு எரித்த சிக்கன விளக்கில் படித்துச் சோதனை எழுதினது. சைக்கிள் டைனமோவைச் சுத்திச் செய்தி கேட்டது. இவற்றுக்கு நடுவில்தான் மண்ணெண்ணெயில் ஓடிய வாகனங்களின் கதையும் வரும். மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் போன்ற பழைய பிரித்தானியக் கார்கள், ஹொண்டாவின் சின்ன மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் வெள்ளைப் புகையும் மண்ணெண்ணெய் மணமுமாக ஓடித் திரிந்தன. சின்னப் போத்தல் ஒன்றில் கொஞ்சப் பெற்றோல் பத்திரமாக இருக்கும். எஞ்சின் குளிர்ந்து கிடக்கும்போது காபரேற்றரின் வாயில் அதில் சில துளி விட்டு உதைத்தால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். சூடேறிய பிறகு மண்ணெண்ணெயிலேயே ஓடும்.

இதைக் கேட்கிறபோது மாயவித்தை மாதிரி இருக்கும். ஆனால் இதற்குப் பின்னால் தெளிவான அறிவியல் இருக்கிறது. பெற்றோல் சாதாரணச் சூட்டிலேயே ஆவியாகும். மண்ணெண்ணெய் அப்படி ஆவியாகாது, அதற்கு எஞ்சின் சூடாக இருக்க வேண்டும். அதனால்தான் தொடக்கத்துக்கு மட்டும் பெற்றோல் துளி. இன்னொன்று, மண்ணெண்ணெய்க்கு ஒக்டேன் எண் மிகக் குறைவு. அழுத்தம் கூடிய எஞ்சினில் அது நேரத்துக்கு முந்தியே வெடித்து ‘டக் டக்’ என்று அடிக்கும். பழைய கார்களின் எஞ்சின்களில் அழுத்த விகிதம் குறைவு. அவை தாக்குப்பிடித்ததன் இரகசியம் அதுதான். அந்த நேரத்தில் புதுக் காரை விடப் பழைய கார் உபயோகமாக இருந்ததும் இதனால்தான்.

உலகத்துக்கும் இது புதிதல்ல. அமெரிக்காவில் 1917இல் வெளிவந்த ஃபோர்ட்சன் உழவு இயந்திரம் மண்ணெண்ணெயை நம்பி வடிவமைக்கப்பட்டது. இங்கிலாந்தில் 1946இல் வந்த ஃபேர்கசன் டிஈ 20க்கு, சில வருடங்களில் பெற்றோலில் தொடங்கி மலிவான எண்ணெயில் ஓடும் வகை ஒன்றும் வந்தது. அங்கே காரணம் விலை. இங்கே காரணம் தடை. எங்கட தோட்டக்காரருக்கும் இந்த முறை முதலே பழக்கம். துலா இருந்த கிணற்றடிகளுக்கு வந்து சேர்ந்த நீரிறைக்கும் இயந்திரங்களில் பல, பெற்றோலில் தொடக்கி மண்ணெண்ணெயில் ஓட்டுகிற வகைதான். ஆக, 1990இல் எங்கட கராச்காரர் வெறுங்கையோடு நிற்கவில்லை. தோட்டத்துக் கிணற்றடியில் தெரிந்த ஒன்றை றோட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

ஒரு துளியும் வீணாகக் கூடாத அந்தக் காலத்தில் காபரேற்றருக்குள் போகும் காற்று கராச்காரரின் பெரிய கவலையாக இருந்ததில் வியப்பில்லை. அது ஏன் என்று விளங்க, ஃபில்டரைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும்.

ஒரு லீற்றருக்கு 9,000 லீற்றர்

வண்டி பெற்றோலில் ஓடுகிறது என்று சொல்கிறோம். உண்மையில் அது கூடுதலாக உள்ளே இழுப்பது காற்றைத்தான். பெற்றோல் சரியாக எரிய, எடைப்படி ஒரு பங்கு பெற்றோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். ஒரு லீற்றர் பெற்றோல் முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. கணக்குப் போட்டால் அதற்கு ஏறத்தாழ 11 கிலோ காற்று வரும். கன அளவில் சொன்னால் சுமார் 9,000 லீற்றர். அவ்வளவு காற்றும் உள்ளங்கை அகலமுள்ள ஒரு கடதாசி மடிப்புக்குள்ளாலோ, ஒரு துண்டு பஞ்சுக்குள்ளாலோதான் போயாக வேண்டும். அதோடு றோட்டுப் புழுதியும் வருகிறது.

காபரேற்றர் வேலை செய்யும் விதம் எளிமையானது. குழாயின் நடுவில் ஓர் ஒடுக்கம். காற்று அதற்குள்ளால் வேகமாகப் போகும்போது அங்கே அழுத்தம் குறையும். பக்கத்துக் கிண்ணத்தில் இருக்கும் பெற்றோலை வெளிக்காற்றின் அழுத்தம் தள்ள, அது ஒரு சின்ன ஓட்டைக்குள்ளால் வந்து காற்றோடு கலக்கும். எவ்வளவு காற்று வந்தது என்று அளக்க அங்கே எந்தக் கருவியும் இல்லை. இரண்டு பக்க அழுத்தத்துக்கும் இடையிலுள்ள வித்தியாசம்தான் எல்லாம்.

இப்போது ஃபில்டர் அடைத்துவிட்டது என்று வையுங்கோ. ஃபில்டரைத் தாண்டி உள்ளே இருக்கும் அழுத்தம் இன்னும் குறைகிறது. கிண்ணத்துக்கு மேலே வெளிக்காற்றின் அழுத்தம் பழையபடியே இருக்கிறது. வித்தியாசம் கூடுகிறது. காற்றுக் குறைந்து பெற்றோல் கூடிப்போகிறது. மோட்டார் சைக்கிள் ஓடுகிற எல்லாருக்கும் இதை ஒரே வரியில் சொல்லலாம்: அடைத்த ஃபில்டர் எண்டால் சோக்கைக் கொஞ்சம் இழுத்து விட்டபடியே ஓடுகிற மாதிரி. சோக் செய்வதும் அதுதானே, காற்றின் வழியை மறிப்பது. காலையில் அரை நிமிடத்துக்கு அது உதவி. நாள் முழுக்க எண்டால் நட்டம். பிளக் கரியேறும், புகை கறுக்கும், எரியாத பெற்றோல் சைலன்சர் வழியே போகும்.

எல்லாக் காபரேற்றரும் ஒரே அளவில் பாதிக்கப்படுவதில்லை. சிலவற்றில் கிண்ணத்தின் மூச்சுக்குழாய், ஃபில்டருக்கு உட்பக்கத்தோடு தொடுக்கப்பட்டிருக்கும். அப்போது ஃபில்டர் அடைத்தால் இரண்டு பக்கமும் சேர்ந்தே அழுத்தம் குறையும், கலவை அவ்வளவு கெடாது. மூச்சுக்குழாய் வெளிக்காற்றைப் பார்த்திருக்கும் பழைய வகைகளில்தான் அடைப்பின் விளைவு நேராகத் தெரியும். ஐயாவின் கைகளில் பழகிய வண்டிகளில் பல அப்படிப்பட்டவை. அவர் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. பிளக்கைக் கழட்டி அதன் கரியைப் பார்த்துப் பார்த்துச் சொன்னார்.

பத்து நூற்றுவீதத்தின் கதை

அடைத்த ஃபில்டரை மாற்றினால் பத்து நூற்றுவீதம் வரை மிச்சம் என்ற கணக்கு, ஒரு காலத்தில் அமெரிக்க அரசே வாகனக்காரருக்குச் சொன்ன அறிவுரை. காபரேற்றர் கார்களின் காலத்தில் பிறந்த அறிவுரை அது. கார்கள் மாறின, அறிவுரை மாறவில்லை.

2009இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுகூடம் இதைச் சோதித்துப் பார்த்தது. கணினி கட்டுப்படுத்தும் எரிபொருள் ஊசி முறைக் கார்களையும், காபரேற்றர் கொண்ட பழைய கார் ஒன்றையும் எடுத்தார்கள். சுத்தமான ஃபில்டரோடும் வேண்டுமென்றே அடைத்த ஃபில்டரோடும் ஓட்டி அளந்தார்கள். புதிய கார்களில் எரிபொருள் செலவில் சொல்லும்படியான வித்தியாசம் எதுவுமில்லை. வேகம் பிடிப்பதில் மட்டும் மந்தம் தெரிந்தது. 6 தொடக்கம் 11 நூற்றுவீதம் வரை கூடுதல் நேரம் எடுத்தது. பழைய காபரேற்றர் காரில் செலவு கூடியது உண்மை. வழக்கமாக மாற்றும் நிலையில் உள்ள ஃபில்டர் எண்டால் 2 தொடக்கம் 6 நூற்றுவீதம். 14 நூற்றுவீதம் வரை போக வேண்டுமென்றால், வண்டியை ஏறத்தாழ ஓட்டவே முடியாத அளவுக்கு ஃபில்டர் அடைத்திருக்க வேண்டும்.

புதிய எஞ்சினில் ஏன் வித்தியாசம் இல்லை? அங்கே காற்றை அளக்க உணர்கருவி இருக்கிறது. புகைக்குழாயில் ஒட்சிசனை அளக்க இன்னொன்று. காற்றுக் குறைந்தால் கணினி பெற்றோலையும் குறைத்துவிடும், கலவை கெடாது. அப்படியானால் வலு குறையுமே என்று நீங்கள் கேட்கலாம். குறையும். ஆனால் ஓட்டுநர் அறியாமலே இன்னும் கொஞ்சம் முறுக்குவார், காற்று வழி அகலும், கணக்குச் சரியாகிவிடும். வீட்டுப் படலை பாதி சாத்தியிருந்தால் வாசற்கதவை அகலத் திறந்து விடுகிற மாதிரி. உள்ளே வரும் ஆட்களின் தொகை ஒன்றுதான். திருவிழா அன்று, ஆட்கள் நெருக்கிக்கொண்டு வரும்போதுதான் படலை பாதி சாத்தியிருப்பது தெரியவரும். முழு வேகத்தில் முறுக்கும்போது வண்டி இழுக்காமல் நிற்பது அதனால்தான்.

டீசல் வேறு சாதி. அதில் காற்றை மறிக்கும் கதவு இல்லை, தேவைக்கு ஏற்ப எண்ணெய் மட்டும் கூடிக் குறையும். பழைய டீசல் எஞ்சினுக்குப் பாரமேற்றி இழுக்கும்போது காற்றுப் போதாவிட்டால் கறுத்த புகை வரும். அந்தக் கறுப்பு, பாதியில் எரிந்த எண்ணெய்தான். லான்ட்மாஸ்டரில் மண் ஏற்றுகிறவர்கள் இதைக் கண்ணால் காண்பார்கள்.

ஆக ஐயா சொன்னது, எங்கட கேள்விக்கு ஒரு பாதி விடை. காபரேற்றருக்குச் சரி, ஊசி முறைக்குச் சரியில்லை. ஆனால் 2022இல் எங்கட றோட்டில் ஓடியது எது?

இறக்குமதி நின்ற மாதம்

இங்கேதான் எங்களுக்கே வியப்பான ஒரு தற்செயல் வருகிறது. எங்கட மோட்டார் சைக்கிள்களும் ஓட்டோக்களும் பெரும்பாலும் இந்தியாவில் செய்தவை. இந்தியா 2020 ஏப்ரல் 1ஆம் திகதி பிஎஸ் 6 என்ற புதிய புகை விதியை நடைமுறைப்படுத்தியது. அதற்குப் பிறகு அங்கே விற்பனைக்கு வந்த பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களும் ஸ்கூட்டர்களும் காபரேற்றரைக் கைவிட்டு ஊசி முறைக்கு மாறின. இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது எப்போது? 2020 மார்ச். ஒரு மாதம்கூட வித்தியாசமில்லை. கொரோனாவும் டொலர்த் தட்டுப்பாடும் சேர்ந்து மூடிய அந்தக் கதவு, 2025 தொடக்கத்தில்தான் திரும்பத் திறந்தது.

அந்த ஐந்து வருடமும் இந்தியத் தெருக்களில் புதிய எஞ்சின் பெருகியது. எங்கட தெருக்களில் காபரேற்றர் தொடர்ந்தது. இருந்த வண்டியைத் திருத்தித் திருத்தி ஓடினோம். பழைய வண்டியின் விலை புதிய வண்டியின் விலையை மிஞ்சியது. 1990இல் தடை பழைய எஞ்சினுக்கு வாழ்வு கொடுத்தது. 2020இல் இறக்குமதி நிறுத்தம் அதையே திரும்பவும் செய்தது. அமெரிக்க ஆய்வு “இது பழைய காலத்துக் கதை” என்று மூடி வைத்த அறிவுரை, வல்வெட்டித்துறையில் இன்னும் நிகழ்காலக் கதைதான்.

அதன் பெறுமதி எவ்வளவு? 2022 ஜூலையில் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர். லீற்றருக்கு 45 கிலோமீற்றர் ஓடும் மோட்டார் சைக்கிள் என்று வைப்போம். 4 லீற்றருக்கு 180 கிலோமீற்றர். வல்வெட்டித்துறையிலிருந்து யாழ்ப்பாண நகருக்குப் போய்வர ஏறத்தாழ 60 கிலோமீற்றர். ஆக, கிழமைக்கு மூன்று தரம் பட்டணம் போய்வரலாம், அவ்வளவுதான். கார்களில் கண்ட 2 தொடக்கம் 6 நூற்றுவீதத்தை இதற்கும் ஒரு மட்டாகப் பொருத்தினால், மிச்சம் 4 தொடக்கம் 11 கிலோமீற்றர். ஜூலை நடுவில் இருந்த 450 ரூபாய் விலைக்குக் கிழமைக்கு 36 தொடக்கம் 108 ரூபாய். சாதாரண காலத்தில் இதை ஒருவரும் கணக்கெடுக்க மாட்டார்கள். ஆனால் கியூஆர் காலத்தில் காசு இருந்தும் ஐந்தாவது லீற்றர் கிடையாது. அப்போது அந்தச் சில கிலோமீற்றர் என்பது, கிழமைக் கடைசியில் பருத்தித்துறைக்கு ஒருதரம் போவதா, சைக்கிளை எடுப்பதா என்ற கேள்வி. வீட்டில் வருத்தக்காரர் இருந்தால் அது மந்திகை ஆஸ்பத்திரிக்குப் போகும் தூரம்.

புழுதியும் கடலும்

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஃபில்டரின் முதல் வேலை பெற்றோலை மிச்சம் பிடிப்பதே இல்லை. எஞ்சினைக் காப்பாற்றுவது.

எங்கட சுண்ணாம்புக்கல் றோட்டுப் புழுதியும், தோட்டப் பக்கத்துச் செம்மண்ணும், கரையோர மணலும் எஞ்சினுக்குள் போனால் எண்ணெயோடு சேர்ந்து உரைகல்லாகிவிடும். பிஸ்டன் வளையங்களும் சிலிண்டர்ச் சுவரும் தேயும். அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்த எஞ்சின் குளிரில் லேசில் பிடிக்காது. 1990களில் அதன் பொருள், தொடக்குவதற்கு இன்னும் சில துளி பெற்றோல். அதோடு ஆவியாகாத மண்ணெண்ணெய் சிலிண்டரால் வழிந்து கீழே எஞ்சின் ஒயிலோடு கலந்து அதன் பிசுபிசுப்பைக் கெடுக்கும். தேய்மானம் இன்னும் கூடும். உதிரிப் பாகமும் வராத ஊரில் ஒரு சிலிண்டர் தேய்ந்தால் மாற்ற வழியில்லை. ஆகவே அந்தத் தலைமுறைக்கு ஃபில்டர் என்பது கிழமைக் கணக்கு அல்ல, வருடக் கணக்கு. மிச்சம் பிடித்தது எஞ்சினின் ஆயுளை.

இதனால்தான் “ஃபில்டரைக் கழட்டிப்போட்டு ஓடினால் நல்லாய் இழுக்கும்” என்ற யோசனையை நாங்கள் ஏற்கவில்லை. இழுக்கும், உண்மை. ஆனால் இன்று மிச்சம் பிடிக்கும் பெற்றோலை விடப் பல மடங்கு காசு நாளைக்கு எஞ்சின் வேலைக்குப் போகும்.

ஊரில் ஃபில்டரே இல்லாத எஞ்சின் ஒன்றும் இருக்கிறது. கடற்கரையில் வள்ளங்களின் பின்னால் தொங்கும் வெளியிணைப்பு எஞ்சின்களில் பெரும்பாலானவற்றுக்கு எயார் ஃபில்டர் கிடையாது. கடல் நடுவில் புழுதி ஏது? காற்றை நம்பிப் பாய்மரம் கட்டிய ஊர் இது. இங்கே கட்டிய ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பல், பெயர் மாற்றப்பட்டு அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்துக்கு 1938இல் போய்ச் சேர்ந்த கதையை ஊரில் தெரியாத பிள்ளை இல்லை. அந்தக் கப்பலுக்கு எரிபொருள் காற்றுத்தான். இன்றைய வள்ளத்துக்கு மண்ணெண்ணெய். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாயானது. தட்டித் துடைத்துப் போட ஒரு ஃபில்டர்கூட இல்லாத கடற்றொழிலாளிக்கு எந்தச் சிக்கன அறிவுரையைச் சொல்வது? தொழிலுக்குப் போகாமல் வள்ளத்தைக் கரையில் இழுத்து வைத்தவர்கள் பலர். தனிமனிதர் சிக்கனத்துக்கு எல்லை உண்டு. ஃபில்டரைச் சுத்தம் செய்து ஒரு நாடு எரிபொருள் நெருக்கடியைத் தாண்டாது.

மண்ணெண்ணெய்க் காலத்தையும் நாங்கள் வீரக்கதையாக மட்டும் சொல்லிக்கொண்டிருக்க விரும்பவில்லை. அந்தப் புகையைச் சுவாசித்தவர்கள் இருக்கிறார்கள். கெட்டுப்போன எஞ்சின்கள் இருக்கின்றன. வாகனம் ஒன்று நேரத்துக்குக் கிடைக்காமல் போன வீடுகள் இருக்கின்றன. கெட்டித்தனம் உண்மை. அந்தக் கெட்டித்தனம் தேவைப்பட்டதே ஓர் அநியாயம் என்பதும் உண்மை.

நீங்கள் செய்யக்கூடியது

முதலில் உங்கட வண்டி எது என்று பாருங்கோ. காபரேற்றரா, ஊசி முறையா? சோக் பிடி இருந்தால் அனேகமாகக் காபரேற்றர். பிறகு ஃபில்டரைக் கழட்டுங்கோ. பஞ்சு வகை என்றால் சவர்க்காரத் தண்ணியில் கழுவி, நன்றாகக் காயவைத்து, சொன்ன ஒயிலில் நனைத்துப் பிழிந்து போடலாம். காய்ந்த கடதாசி வகையைக் கழுவக்கூடாது. மெல்லத் தட்டலாம், உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகக் காற்று அடிக்கலாம். எண்ணெய்ப் பிசுக்கோடு வரும் கடதாசி வகைக்குக் காற்றும் அடிக்கக்கூடாது, மாற்றத்தான் வேண்டும். கைநூலில் போட்டிருக்கும் கிலோமீற்றர் நல்ல றோட்டுக்கான கணக்கு. புழுதி ஒழுங்கையில் ஓடுகிறவர்கள் அதற்கு முந்தியே பார்க்க வேண்டும்.

ஊசி முறை வண்டி என்றாலும் ஃபில்டரை மாற்றுங்கோ. ஆனால் பெற்றோல் மிச்சம் வரும் என்று எதிர்பார்த்து அல்ல. அதற்கு ரயர் காற்றையும், பிரேக் உரசுகிறதா என்பதையும், செயினின் இறுக்கத்தையும், கையின் முறுக்கலையும் பாருங்கோ.

எங்கட வண்டி காபரேற்றர்தான். வரிசையிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றே கழட்டினோம். ஃபில்டர் கறுத்து, ஒரு மூலையில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. புதிது போட்டோம். அந்தக் கிழமை வண்டி கூட ஓடின மாதிரித்தான் இருந்தது. ஆனால் அதே நாளில் ரயருக்கும் காற்று அடித்திருந்தோம். பெற்றோல் பயத்தில் முறுக்காமலும் ஓடினோம். எது எவ்வளவு மிச்சம் தந்தது என்று எங்களால் பிரித்துச் சொல்ல முடியாது. ஒன்றை மாற்றினால் மற்றதை எல்லாம் அப்படியே வைத்திருந்து அளக்க வேண்டும் என்ற பாடத்தை அப்போதுதான் படித்தோம்.

பிறகு ஒருநாள் ஐயாவைத் தேடிப் போனோம். ஆய்வுகூடக் கதை எல்லாவற்றையும் சொன்னோம். பொறுமையாகக் கேட்டவர், “அப்ப நான் சொன்னது பிழை எண்டுறியளோ?” என்றார்.

“இல்லை ஐயா, எங்கட வண்டிக்குச் சரி. புது வண்டியளுக்குத்தான் பொருந்தாது.”

“புது வண்டியை ஆர் எனக்குத் தந்தவை?” என்று சிரித்தார். பிறகு, மண்ணெண்ணெய்க்கு ஏற்ற மாதிரி எஞ்சினை எப்படிச் சரிப்பண்ணினது, கலவை சரியா என்று புகையின் நிறத்தைப் பார்த்து எப்படிக் கண்டுபிடித்தது என்று இரண்டு மணித்தியாலம் கதைத்தார். எங்களிடம் கொப்பி இருக்கவில்லை. தொலைபேசியில் பதிந்தது முக்கால் மணித்தியாலம்தான், பற்றரி முடிந்துவிட்டது. அடுத்த முறை ஒழுங்காகப் போவதாக இருக்கிறோம். உங்கட ஊரிலும் இப்படி ஒரு கராச்காரர் இருப்பார். அவர் சொல்வதைக் கேட்டு எழுதுங்கோ, எந்த வண்டியைப் பற்றிச் சொல்கிறார் என்பதையும் பக்கத்தில் குறித்து வையுங்கோ.